ஹேவர்ட் பிளவின் மேல் ஒரு நடை

கலிஃபோர்னியாவில் நிலநடுக்கம் என்றாலே சான் ஆண்ட்ரியாஸ் என்ற நிலப்பிளவைத் தேடிச் செல்பவர்கள்தாம் மிகுதி. 2013-இல் நான் காணச் சென்றது, அதற்குக் கிழக்கே குடியிருப்புகளின் அடியில் ஓடும் ஹேவர்ட் பிளவை. பெர்க்லி பல்கலைக்கழகத்தின் விளையாட்டரங்கை அது நீளவாக்கில் ஊடறுத்துச் செல்கிறது. 1923-இல் எழுந்த அந்த அரங்கை 2012-இல் புதுப்பித்து முடித்தவர்கள், பிளவின் மேல் அமைந்த இருக்கைப் பகுதிகளை, நிலம் பெயர்ந்தால் தனித்து நகரும்படி மற்றக் கட்டடத்திலிருந்து பிரித்துக் கட்டியிருக்கிறார்கள். 1868-இல் பெருநடுக்கம் ஒன்றைத் தந்த இந்தப் பிளவு, இன்றும் ஆண்டுக்குச் சுமார் 5 மில்லிமீட்டர் நழுவிக்கொண்டிருக்கிறது.

அரங்குக்குப் பின்னால் ஸ்ட்ராபெரி பள்ளத்தாக்கை நோக்கி ஏறினேன். பல்கலைக்கழக ஆய்வகத்தின் நிலநடுக்கப் பதிவு நிலையங்களுள் ஒன்று அங்கே இருக்கிறது. ஹேவர்ட் பிளவின் அசைவுகளை இணையம் வழியே உடனுக்குடன் பெற்றுக் கலையாக்கியவர், இதே பல்கலைக்கழகத்தின் ரோபோட்டியல் பேராசிரியர் கென் கோல்ட்பர்க். அவரும் நண்பர்களும் உருவாக்கிய 'மோரி' என்ற கலைப்படைப்பு 1999-இல் தோக்கியோவில் காட்சிக்கு வந்தது. திரைச்சீலையைக் கடந்து, ஒளியிழைக் கம்பியைப் பின்தொடர்ந்து நடுவே சென்றால், தரையில் உள்ள திறப்பின் வழியே அதிர்வுக் கோடு ஓடுவது தெரியும். அதே தரவு ஆழ்ந்த ஒலியாகிக் கூடத்தை நிறைக்கும். நொடிக்கு ஏறத்தாழ 20-க்கும் குறைவான அதிர்வுகள் மனிதச் செவிக்கு எட்டாதவை. நிலநடுக்க அலைகளில் பெரும்பாலானவை அத்தகையவை. ஆகவே அங்கே ஒலிப்பது கலைஞர்கள் தரவுக்குத் தேர்ந்து கொடுத்த ஓசையே. எனினும் அது எப்போது உயரும், எப்போது அடங்கும் என்பது அவர்கள் கையில் இல்லை.

பிறகு சியர்ரா நெவாடா மலைத்தொடரைக் கடந்து, ரீனோ நகரின் நெவாடா கலை அருங்காட்சியகத்தில் கோல்ட்பர்க் குழுவினரின் 'புளூம்' என்ற படைப்பைக் கண்டேன். அதே பிளவின் அசைவுகள் இங்கே திரையில் வண்ண வட்டங்களாக விரிகின்றன. கண்ணுக்கு இனியதுதான், ஆனால் எந்நேரமும் உடையக்கூடிய நிலம் அது என்பதை அந்த வண்ணங்கள் மறக்கடித்துவிடுகின்றன. வெறுங்கோடாகவே நிலத்தைக் காட்டும் 'மோரி' அந்த அச்சத்தை ஒளிக்கவில்லை.

சான் பிரான்சிஸ்கோவை அழித்த 1906 நடுக்கத்தின் நூற்றாண்டையொட்டி, 2006 ஏப்ரலில் அந்நகரின் ஓபரா அரங்கில் மியூரியல் மாஃப்ர் ஹேவர்ட் பிளவின் அசைவுகளிலிருந்து நேரடியாக எழுந்த ஓசைக்கு பாலே ஆடினார். அடுத்த அதிர்வு எப்படி வரும் என்று அறியாமல், நிலத்தையே நட்டுவனாராகக் கொண்டு ஆடிய அந்நிகழ்வைத்தான் மூன்றிலும் உயர்ந்ததாக நான் வைப்பேன். அங்கே நிலத்தின் போக்குக்கு ஓர் உடல் அப்போதைக்கப்போது விடைசொல்ல வேண்டியிருந்தது.