அத்தைக்கு ஒரு ஸ்கேன்

அப்பாவுக்கு டயாலிசிஸ் ஆரம்பித்தபோதுதான் 'பாலிசிஸ்டிக் கிட்னி' என்ற பேரே எங்கள் வீட்டுக்குள் வந்தது. கிட்னியில் நீர்க்கட்டி. ஸ்கேன் படத்தை டாக்டர் வெளிச்சத்தில் பிடித்துக் காட்டினார். இரண்டு கிட்னியிலும் பெரிதும் சிறிதுமாகத் திராட்சைக் கொத்துப் போலக் கட்டிகள். நல்ல சதை என்று விரல் வைத்துக் காட்ட இடமில்லை. எங்கள் தாத்தா பிரஷரில் போனார் என்றுதான் திருமங்கலத்துச் சொந்தங்கள் இன்னும் சொல்கிறார்கள். கடைசி நாட்களில் அவருக்கு முகமும் காலும் வீங்கியிருந்ததை அப்பா சொல்லிக் கேட்ட பிறகு, எனக்கு அதில் சந்தேகம்.

"சொந்தத்துல கட்டுனா இப்படித்தான்" என்று பெரியப்பா அம்மாவின் காதுபடப் பேசினார். எனக்குப் பொறுக்கவில்லை. சொந்தத்தில் கட்டுவதால் வாய்ப்பு கூடுகிற சிறுநீரக நோய்கள் வேறு. தாய் தகப்பன் இருவரிடமும் ஒரே பழுதான மரபணு இருந்து, அது இரண்டும் பிள்ளையிடம் சேர்ந்தால் வருபவை. பெரும்பாலும் சின்ன வயதிலேயே தெரிந்துவிடும். அப்பாவுக்கு வந்தது அந்த வகை இல்லை. பெற்றவர்களில் ஒருவரிடம் இருந்தாலே போதும், ஒவ்வொரு பிள்ளைக்கும் பாதிக்குப் பாதி வாய்ப்பு, ஆணானாலும் பெண்ணானாலும். அசலில் பெண் எடுத்திருந்தாலும் இதேதான். அம்மா மேல் ஒரு குற்றமும் இல்லை.

எனக்கும் இருக்கிறது. தங்கைக்கு இல்லை. கிட்னி எப்படி வேலை செய்கிறது என்று ரத்தத்தில் பார்க்கும் கிரியாட்டினின் அளவு இதுவரை சரியாக இருக்கிறது. பிரஷர் மாத்திரையை விடுவதில்லை, உப்பைக் குறைத்துவிட்டேன், டாக்டரைக் கேட்காமல் வலி மாத்திரை போடுவதில்லை. கட்டி பெரிதாவதை மெதுவாக்க டோல்வாப்டான் என்று ஒரு மருந்தும் உண்டு, எல்லோருக்கும் கொடுப்பதில்லை.

என் கவலையெல்லாம் இப்போது அத்தை மேல்தான். அப்பாவின் கூடப்பிறந்தவர், அறுபதை நெருங்குகிறார், பல வருடமாகப் பிரஷர். மகளுக்கு வரன் பார்க்கிறார்கள். "ஸ்கேன்ல எதாச்சும் வந்துட்டா யாரு மருமகனே நம்ம வாசப்படி ஏறுவா?" என்கிறார். அந்தப் பயம் எனக்குப் புரிகிறது. ஆனால் முதலில் பார்க்க வேண்டியது பிள்ளைகளை இல்லை, அத்தையைத்தான். முப்பது வயதுக்குள் ஸ்கேன் சுத்தமாக வந்தாலும் அது முடிவான பதில் ஆகாது. அத்தை வயதில் சாதாரண வயிற்று ஸ்கேனில் கட்டி இல்லையென்றால் அநேகமாக இல்லைதான். அத்தைக்கு இல்லையென்றால் அவர் வழியாகப் பிள்ளைகளுக்கும் வராது.

அத்தை இன்னும் சரி என்று சொல்லவில்லை. மாத்திரை வாங்க மாதாமாதம் பெரியாஸ்பத்திரிக்கு வருகிறவர்தான். அடுத்த தடவை வரும்போது ஸ்கேனுக்கும் எழுதி வாங்கிவிடலாம் என்று மாமாவிடம் பேசி வைத்திருக்கிறேன்.