தஞ்சாவூர் ஓவியத்தை அச்செடுத்தால் தங்கம் ஏன் கறுக்கிறது?

அச்சு சரியில்லை என்றால் எல்லோரும் பிரிண்டரைத்தான் திட்டுகிறார்கள். ஆனால் படம் பெரும்பாலும் கேமரா முன்னாலேயே கெட்டுப்போயிருக்கும்.

சட்டம், கண்ணாடி இரண்டையும் கழற்றிவிடுங்கள். இரு பக்கமும் 45 டிகிரியில் ஒவ்வொரு விளக்கு வையுங்கள். ஓவியத்தை வைக்கும் இடத்தில் முதலில் வெள்ளை அட்டை ஒன்றை வைத்துப் படமெடுத்து, நாலு மூலையும் நடுவும் ஒரே வெளிச்சத்தில் இருக்கிறதா என்று பாருங்கள். அதே அட்டையின் நடுவில் சின்ன முகக்கண்ணாடியைத் தட்டையாக ஒட்டுங்கள். லென்ஸின் பிம்பம் வியூஃபைண்டரின் நட்டநடுவில் விழுந்தால் கேமரா நேராக நிற்கிறது. விழாவிட்டால் படத்தின் ஓரங்கள் கோணும்.

மேக்ரோ லென்ஸ், துளை அளவு எஃப் 8, ஒளி உணர்திறன் ஐஎஸ்ஓ 100, கேமரா பதிவதை மாற்றாமல் தரும் ரா ஃபைல். நிறத்தைச் சரிபார்க்க உதவும் வண்ணக் கட்டங்கள் கொண்ட கலர் செக்கர் அட்டையோடு ஒரு ஷாட் கட்டாயம். 24 மெகாபிக்சல் கேமராவில் 6000 × 4000 புள்ளிகள் கிடைக்கும். 300 டிபிஐயில் (அங்குலத்துக்கு 300 புள்ளி) அது 20 × 13 அங்குலம்தான். அதைவிடப் பெரிய அச்சு வேண்டுமானால், ஒன்றின்மேல் ஒன்று மூன்றில் ஒரு பங்கு மேலேறும்படி துண்டு துண்டாக எடுத்து இணைக்க வேண்டும்.

இனிதான் சிக்கல். வார்னிஷ் மினுக்கத்தையும் கல்லின் பளிச்சையும் அடக்க, விளக்குகளுக்கு போலரைசர் தாளும் (ஒரே திசையில் அதிரும் ஒளியை மட்டும் விடும் வடிகட்டி) லென்ஸுக்கு போலரைசரும் போட்டுக் குறுக்காகத் திருப்புவோம். வண்ணங்கள் அருமையாக வரும், தங்க ரேக்கு (மெல்லிய தங்கத் தகடு) மட்டும் கரிப்பிடித்த பித்தளை மாதிரி ஆகிவிடும். உலோகத்தின் பொலிவே பிரதிபலிப்புதான். அதையும் சேர்த்து வடிகட்டிவிட்டோம். பசையால் புடைப்பாக எழுப்பிய மக்கு வேலையின் மேடுபள்ளமும் தட்டையாகிவிடும்.

அதனால் டிரைபாடை அசைக்காமல் இரண்டாவது ஷாட் எடுக்க வேண்டும். லென்ஸ் போலரைசரைத் திருப்பி, ஷட்டர் வேகத்தை மட்டும் சரிசெய்தால் போதும். தங்கம் தன் எதிரே இருப்பதைத்தான் காட்டும், கேமராவுக்குப் பின்னால் இருட்டு இருந்தால் இருட்டைக் காட்டும். வெள்ளைத் தெர்மாகோல் தகடுகளைக் கேமராவைச் சுற்றி நிறுத்தினால் பொன் எழும்பும். பிறகு ஃபோட்டோஷாப்பில் இரண்டையும் அடுக்கி, இரண்டாவது ஷாட்டின் தங்கப் பகுதி மட்டும் தெரியும்படி மாஸ்க் போட்டு மற்றதை மறைக்க வேண்டும். முத்து முத்தான மக்குப் புள்ளிகளைச் சுற்றி மாஸ்க் போடப் பொறுமை வேண்டும். தானியங்கித் தேர்வை நம்ப வேண்டாம்.

அச்சுக்குப் பிக்மென்ட் (நிறமித் துகள்) மையும் பருத்தித் தாளும். ஹானமியூலே ஃபோட்டோ ராக் 308 ஜிஎஸ்எம் போன்ற மேட் தாளுக்கு மேட் பிளாக் மை. வண்ணங்களைத் தாளுக்கேற்ப மாற்றும் கோப்பான ஐசிசி ப்ரொஃபைலில், அந்தத் தாளுக்கானதைத்தான் போட வேண்டும். கேன்வாஸ் கேட்பவர்கள் நிறைய. அதன் நெசவு, கல் ஓரங்களின் கூர்மையைத் தின்றுவிடும். திரையில் பிரகாசமாகத் தெரிந்த படம் தாளில் இருட்டாக வந்தால், மானிட்டர் வெளிச்சத்தைச் சதுர மீட்டருக்கு 100 கேண்டெலா (ஒளி அளவின் அலகு) அளவுக்குக் குறைத்துப் பாருங்கள். முகமும் சிவப்பும் பச்சையும் வரும்படி 4 அங்குலப் பட்டை ஒன்றை முதலில் அடித்து, ஒரு நாள் காயவிட்டு மூலத்தோடு ஒப்பிடுங்கள்.

எவ்வளவு செய்தாலும் தாளில் தங்கம் காவி கலந்த மஞ்சள்தான், மின்னாது. சிலர் அச்சின்மேல் கையால் ரேக்கு ஒட்டி விற்கிறார்கள். அழகுதான், ஆனால் அடியில் இருப்பது அச்சு என்று வாங்குபவரிடம் சொல்லிவிட வேண்டும்.