பட்டாவில் புன்செய், பிளானில் விவசாயம்: சேலம் ஓரத்து நிலத்தை மனையாக்கும் முன்

அயோத்தியாபட்டணம், கருப்பூர், வீரபாண்டி, பனமரத்துப்பட்டி என்று நகரத்தைச் சுற்றி இரண்டு மூன்று ஏக்கர் வைத்திருப்பவர்கள் மனை போட நினைத்ததும் நேராகப் போவது லேஅவுட் வரைபவரிடம். அவரும் ஒரே வாரத்தில் அழகாகக் கட்டம் போட்டுக் கொடுத்துவிடுவார். அந்த வரைபடத்தை வைத்து அட்வான்ஸ் வாங்குகிறவர்களும் உண்டு. வம்பு ஆரம்பிப்பது அங்கேதான்.

"பட்டாவில் புன்செய் என்றுதானே இருக்கிறது, நன்செய் இல்லையே" என்பார்கள். பட்டாவில் இருப்பது தீர்வைக்கான வகைப்பாடு. அது வருவாய்த்துறை கணக்கு. அந்த நிலத்தில் என்ன செய்யலாம் என்பதை நகர் ஊரமைப்புத் துறையின் முழுமைத் திட்டம், அதாவது மாஸ்டர் பிளான், சொல்கிறது. அதில் உங்கள் சர்வே எண் குடியிருப்பு, வணிகம், தொழில், விவசாயம் என்று ஏதோ ஒரு வண்ணத்துக்குள் இருக்கும். பட்டாவில் புன்செய், பிளானில் குடியிருப்பு என்று இருக்கலாம். தரிசாகவே கிடக்கும் நிலம் பிளானில் விவசாய மண்டலமாகவும் இருக்கலாம். இரண்டும் வேறு அலுவலகம், வேறு பதிவேடு. ஒன்றை மாற்றினால் மற்றது தானாக மாறாது.

ஆகவே முதல் வேலை, சர்வே எண்ணையும் உட்பிரிவையும் எழுதிக்கொண்டு நகர் ஊரமைப்பு அலுவலகத்துக்குப் போய் அந்த எண்ணுக்குரிய நிலப் பயன்பாடு என்ன என்று எழுத்தில் வாங்குவது. வாய்ச்சொல் போதாது. கையோடு அந்தக் கிராமம் உள்ளூர் திட்டக் குழும எல்லைக்குள், அதாவது நகரத் திட்டமிடலுக்கென அறிவித்த பகுதிக்குள், வருகிறதா, வெளியே இருக்கிறதா என்றும் கேட்டுவிடுங்கள், ஏனென்றால் பாதை அங்கேயே பிரிகிறது.

எல்லைக்கு உள்ளே என்றால் 1971-ஆம் ஆண்டு நகர் ஊரமைப்புச் சட்டத்தின் 32-ஆவது பிரிவு. முழுமைத் திட்டத்தையே அந்தச் சர்வே எண் அளவுக்குத் திருத்துகிறார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். கள ஆய்வு, பத்திரிகை விளம்பரம், ஆட்சேபணை கேட்பது எல்லாம் முடிந்துதான் உத்தரவு, அப்புறம் அரசிதழ். பக்கத்துத் தோட்டக்காரர் "என் வாய்க்கால் போய்விடும்" என்று ஒரு மனு போட்டால் அதற்குப் பதில் சொல்லாமல் நகராது. எல்லைக்கு வெளியே என்றால் 47-ஏ பிரிவும் 2017-இல் வந்த நிலப் பயன்பாட்டு மாற்ற விதிகளும். நன்செயாக இருந்தால் கலெக்டர் ஒப்புதல் இல்லாமல் ஆகாது. வேளாண் இணை இயக்குநரின் அறிக்கை அதில் முக்கியம். ஏரி ஆயக்கட்டில், அதாவது ஏரிப் பாசனத்தில், இருக்கும் நிலத்துக்கு இந்த இடத்தில்தான் கோப்பு படுத்துவிடும். கட்டணம் வழிகாட்டி மதிப்பை, அதாவது பத்திரப்பதிவுக்கு அரசு வைத்திருக்கும் மதிப்பை, வைத்துக் கணக்கிடப்படும். பக்கத்துத் தெருவின் மதிப்பு கூடினால் உங்கள் செலவும் கூடும்.

மாநகராட்சிக்குள் இன்னொரு சிக்கல், விரிவு அபிவிருத்தித் திட்டச் சாலைகள். நம் ஊரில் ஸ்கீம் ரோடு என்பார்கள். மண்டலம் குடியிருப்பாகவே இருக்கும், ஆனால் நடுவே ஒரு கோடு போகும். பல ஆண்டுகளாக அங்கே சாலை வரவில்லை என்பதற்காக அது இல்லாமல் போய்விடாது. அறிவிப்பு வந்து மூன்று ஆண்டுக்குள் நிலத்தை எடுக்க நடவடிக்கை இல்லையென்றால் ஒதுக்கீட்டிலிருந்து விடுபட்டதாகக் கொள்ள 38-ஆவது பிரிவு வழி வைத்திருக்கிறது. ஆனால் அதை நிரூபித்து எழுத்தில் வாங்கும் வரை வரைபடத்தில் அந்தக் கோடு இருந்துகொண்டேதான் இருக்கும்.

அடுத்து புலப்படம், அதாவது சர்வே எண்ணின் அளவுகளைக் காட்டும் நில அளவை வரைபடம். சேலத்தில் நிலம் வாங்குவதில் இதைவிடப் பெரிய பாடம் கிடையாது. சேர்வராயன் மலையிலிருந்து இறங்கும் ஓடைகள் திருமணிமுத்தாற்றுக்கும் ஏரிகளுக்கும் போகின்றன. மூக்கனேரி வயிற்றுக்கு அந்த மலைத் தண்ணீர்தான். இவற்றில் பல வருடத்தில் பத்து மாதம் காய்ந்து, முள் முளைத்து, வெறும் பள்ளமாகத் தெரியும். புலப்படத்தில் ஓடைப் புறம்போக்கு என்று தனி எண்ணோடு இருக்கும். அதை நிரவி மனை போட்டால் அனுமதி கிடைக்காது, அப்படியே ஏமாற்றி வாங்கினாலும் ஐப்பசி மழையில் தண்ணீர் தன் வழியைக் கேட்டு வரும். கிராம வரைபடத்தையும், சர்வே எண் வாரியாக நிலத்தின் வகையைச் சொல்லும் 'அ' பதிவேட்டையும் சேர்த்து வைத்துப் பாருங்கள். வண்டிப்பாதை, வாய்க்கால், ஏரி உள்வாய், கோயில் நிலம், நிபந்தனைப் பட்டா எல்லாம் அங்கே தலைகாட்டும். நீர்நிலையை ஒட்டி இருந்தால் நீர்வளத்துறை தடையின்மைச் சான்று வேண்டும். தரைமட்டத்தை இவ்வளவு உயர்த்த வேண்டும் என்று நிபந்தனை போட்டால், அத்தனை லோடு கிராவலின் விலையை முன்பே கணக்கில் சேருங்கள்.

சேலத்துக்கே உரிய இன்னொன்று, கல் குவாரி. இயங்கும் குவாரியிலிருந்து 300 மீட்டருக்குள் புது லேஅவுட் போட கனிமவளத்துறையின் முன் இசைவு வேண்டும். இதை யாரும் முதலில் சொல்வதில்லை. ரயில்வே எல்லையை ஒட்டிய நிலம், மேலே உயர் அழுத்த மின்கம்பி போகும் நிலம், காமலாபுரம் விமான நிலையச் சுற்றுவட்டம், இவற்றுக்கும் தனித்தனிச் சான்று. குப்பனூர், பூலாவரிப் பக்கம் என்றால் சென்னை–சேலம் எட்டு வழிச்சாலை நில எடுப்பு அறிவிக்கையில் உங்கள் சர்வே எண் வந்ததா என்று பார்த்துவிடுவது நல்லது. 2019 ஏப்ரலில் உயர் நீதிமன்றம் ரத்து செய்ததை நினைவில் வைத்திருப்பவர்கள், 2020 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் அந்தத் தீர்ப்பை மாற்றியதை மறந்துவிடுகிறார்கள்.

இத்தனையும் தாண்டி வகைப்பாடு மாறிவிட்டது என்றால், மனைப்பிரிவு அனுமதிக்கு விண்ணப்பிக்கத் தகுதி வந்தது, அவ்வளவே. பயன்பாட்டு மாற்ற உத்தரவையே "அப்ரூவல் வந்தாச்சு" என்று காட்டி விற்கிறவர்களிடம் விலகி நில்லுங்கள்.

மூன்று ஏக்கரில் எவ்வளவு மிஞ்சும் என்று பார்ப்போம். 3 ஏக்கர் என்பது சுமார் 12,140 சதுர மீட்டர். உள்சாலைகள் பொதுவாக 7.2 அல்லது 9 மீட்டர் அகலம், நீளம் கூடினால் அகலமும் கூடும். நிலத்தின் வடிவு நன்றாக இருந்தால் சாலைக்கு 3,000 சதுர மீட்டர் போகும் என்று வைப்போம். மீதி 9,140. மொத்தப் பரப்பு 10,000 சதுர மீட்டரைத் தாண்டுவதால், சாலை போக மீதியில் பத்து சதவீதம், அதாவது 914 சதுர மீட்டர், பூங்காவுக்குத் தானமாக எழுதிக் கொடுக்க வேண்டும். பணமாகக் கட்ட முடியாது. மின்வாரியத்துக்கும் உள்ளாட்சிக்கும் சேர்த்து இன்னும் ஒரு சதவீதம். கையில் நிற்பது சுமார் 8,135 சதுர மீட்டர், கிட்டத்தட்ட 201 சென்ட். ஆக 300 சென்ட் கொடுத்தால் 200 சென்ட் விற்கலாம். அதிலும் பொருளாதாரத்தில் நலிந்தோருக்கான சிறு மனைகள் ஒரு பங்கு. நிலம் நீளமாக, ஒடுங்கி, ஒரே பக்கம் பாதையோடு இருந்தால் சாலை இன்னும் தின்னும். 3,000 முதல் 10,000 சதுர மீட்டர் வரை, அதாவது சுமார் 74 சென்ட்டிலிருந்து 2.47 ஏக்கர் வரை, பூங்கா இடத்துக்குப் பதில் வழிகாட்டி மதிப்பில் பணம் கட்ட இடமுண்டு. அதற்குக் கீழே பூங்கா ஒதுக்கீடு கிடையாது.

தொழில்நுட்ப அனுமதி வந்த பின் சாலையையும் பூங்காவையும் உள்ளாட்சிக்குத் தானப் பத்திரம் பதிவு செய்து கொடுக்க வேண்டும். அதற்கப்புறம்தான் உள்ளாட்சியின் இறுதி அனுமதி. வில்லங்கத்தில் அடமானம் தீராமல் இருந்தாலோ, கூட்டுப் பட்டாவில் ஒரு பங்காளி கையெழுத்து போடாவிட்டாலோ, எல்லாம் முடிந்து இந்தப் படியில் வந்து மாதக்கணக்கில் நிற்கும். 500 சதுர மீட்டருக்கு மேல் என்றால் ரெரா, அதாவது ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறை ஆணையத்தின், பதிவு இல்லாமல் விளம்பரமே செய்யக்கூடாது.

"பஞ்சாயத்து அப்ரூவ்டு" என்ற பழைய பேச்சு இன்னும் காதில் விழுகிறது. ஊராட்சித் தலைவர் தன் கையெழுத்தில் லேஅவுட்டுக்கு அனுமதி தர முடியாது. 2016 செப்டம்பரில் உயர் நீதிமன்றம் போட்ட தடைக்குப் பிறகு, அனுமதியில்லாத புது மனைகளைப் பதிவுச் சட்டம் 22-ஏ தடுக்கிறது. அனுமதியில்லாத பழைய மனைகளை முறைப்படுத்த 2017-இல் வந்த வரன்முறைத் திட்டம், 2016 அக்டோபர் 20-க்குள் ஒரு மனையாவது பத்திரம் பதிவான மனைப்பிரிவுகளுக்கு மட்டும்தான். வாங்கும் மனையின் முதல் விற்பனைப் பத்திரத் தேதியைப் பாருங்கள்.

ஏற்காடு தனிக் கணக்கு. மலையிடப் பாதுகாப்பு ஆணையம், எல்லோரும் ஹாக்கா என்பது, 1990-இல் வந்தது. பட்டியலிலுள்ள கிராமமென்றால் வனம், கனிமவளம், வேளாண் பொறியியல் மூன்று துறையின் கருத்தும் வேண்டும். சரிவு, மண்சரிவு வாய்ப்பு, மரம் எல்லாம் பார்ப்பார்கள். காபித் தோட்டத்தைத் துண்டாக்கி விற்க நினைப்பவர்கள் கவனிக்க வேண்டியது நில உச்சவரம்பு, அதாவது ஒருவர் இவ்வளவு நிலம்தான் வைத்திருக்கலாம் என்ற வரம்பு. தோட்டப்பயிர் நிலம் என்பதால்தான் 1961-ஆம் ஆண்டு சட்டத்தில் அதற்கு விலக்கு. காபியைப் பிடுங்கி காட்டேஜ் கட்டினால் விலக்கின் அடிப்படையே போய்விடும், வாங்கியவரும் அதில் மாட்டுவார். அடிவாரத்தில் 20 சென்ட், 30 சென்ட்டாகப் "பண்ணை நிலம்" என்று விற்கப்படுபவையும் பத்திரத்தில் விவசாய நிலமே. நுழைவாயில் வளைவும் தெருவிளக்கும் போட்டிருப்பார்கள். வீட்டு வரைபட அனுமதி கேட்டுப் போகும்போது மறுபடி 47-ஏ-யிலிருந்து, இந்த முறை ஒற்றை ஆளாக, தொடங்க வேண்டியிருக்கும். அதற்குள் உள்ளே போட்ட பாதை யார் பேரில் இருக்கிறது என்பதையாவது விற்பவரிடம் பத்திரத்தில் காட்டச் சொல்லுங்கள்.