சின்னவனுடைய வாந்திக் கொப்பி

ஜூன் 4

விடியற்காலை மூன்று மணிக்கு மறுபடியும் தொடங்கிவிட்டது. நல்ல தூக்கத்தில் இருந்தவன் எழும்பி உட்கார்ந்தான், முகம் வெளுத்துப்போய், வாயில் எச்சில் ஊறி வழிய, "சித்தி, வவுறு" என்றான், அவ்வளவுதான், ராத்திரி சாப்பிட்ட சோறு அப்படியே வந்தது. அப்புறம் பத்து நிமிஷத்துக்கு ஒரு தரம். வயிற்றில் ஒன்றுமில்லாமல் போன பிறகும் வெறும் நுரையும் மஞ்சள் தண்ணியும். காய்ச்சல் இல்லை, வயிற்றோட்டம் இல்லை, இருமல்கூட இல்லை. நடுவில் அவன் அழவும் இல்லை, லைட்டைப் பார்க்க மாட்டாமல் என் மடியில் முகத்தைப் புதைத்துக்கொண்டு கிடந்தான். என் அம்மா பேரட்டுக்கு, காலையில் தோட்ட வேலைக்கு ஆள் பிரிக்கிற இடத்துக்கு, போகவில்லை. பத்து மணிபோல நின்றது, தூங்கினான், பின்னேரம் எழும்பி ரொட்டியும் சம்பலும் கேட்டு, தின்றுவிட்டு, லயத்து வரிசை வீட்டு வாசலில் பந்து உதைக்கப் போய்விட்டான்.

தைப்பொங்கலுக்குப் பிறகு மாதம் தவறாமல் இப்படித்தான் வருகிறது. அக்காவின் இரண்டரை வயதுப் பிள்ளை, அவள் குவைத்தில் வேலை செய்கிறாள்.

ஜூன் 6

ஆளுக்கொரு காரணம் சொல்கிறார்கள். பூச்சி, கண்ணூறு, மழைக் குளிர், நான் கொடுக்கிற பால்மா. அம்மா மந்திரித்து நூல் கட்டிவிட்டார், அதில் எனக்கு ஒன்றுமில்லை, அவர் மனசு ஆறட்டும். ஆனால் வாந்தி எடுத்துக்கொண்டிருக்கிற பிள்ளையின் வாயைத் திறந்து ஓமத்தண்ணி ஊற்ற விடமாட்டேன், சொல்லிவிட்டேன்.

ஆஸ்பத்திரியில் ஒவ்வொரு முறையும் வேறு டொக்டர். அவர்கள் பார்ப்பது அன்றைக்கு வந்த வாந்தியை மட்டும்தான், அதனால் "கிருமி" என்று சொல்லி ஜீவனி என்கிற உப்புச்சீனிக் கரைசல் பக்கெட் தந்து அனுப்புகிறார்கள். கிருமி என்றால் பகலில் அவனை விடுகிற தோட்டத்துப் பிள்ளைக் காம்பராவில் மற்றப் பிள்ளைகளுக்கும் வந்திருக்க வேண்டாமா? ஒருநாளாவது வயிற்றால் போயிருக்க வேண்டாமா? அதே சாமத்தில், அதே மாதிரித் தொடங்கி, அதே மாதிரி நிற்குமா?

இன்று ஹட்டன் டவுனில் ஒரு சிஆர் கொப்பி வாங்கினேன். எத்தனை மணிக்குத் தொடங்கியது, என்ன நிறம், முதல்நாள் என்ன சாப்பிட்டான், எப்போது தூங்கினான், சளி இருந்ததா, கடைசியாக எப்போது ஒன்றுக்குப் போனான், எல்லாம் எழுதப் போகிறேன். முந்தைய மாதங்களில் வந்ததையும் அம்மாவும் நானும் உட்கார்ந்து நினைவுபடுத்தி எழுதினோம். சம்பள நாள், திருவிழா, மழைக்கு மண் சரிந்த நாள் என்று அம்மா திகதிகளைப் பிடித்துவிட்டார்.

ஜூன் 12

கிளினிக் நாள். மிட்வைஃப் மிஸ் நிறுத்துப் பார்த்து வளர்ச்சிப் பதிவேட்டில் புள்ளி வைத்தார். நிறை இறங்கவில்லை, கோடு அவனுடைய பாதையிலேயே போகிறது. அது நல்ல அடையாளம் என்றார். கொப்பியை முழுவதும் வாசித்துவிட்டு, "பேராதனை சிறுவர் ஆஸ்பத்திரிக்குத் துண்டு வாங்கித் தாறன், இதை மறக்காமக் கொண்டு போங்க" என்றார். பிறந்ததிலிருந்து அவனைத் தொடர்ந்து பார்க்கிற ஒரே ஆள் அவர்தான், அதனால்தான் அவருக்கு உடனே விளங்கியது என்று நினைக்கிறேன்.

ஜூன் 29

வந்தது. விடியற்காலை, மூன்றேகால். முதல்நாள் கோயில் பூசை, ஓடி விளையாடிக் களைத்து, சாப்பிடாமலே தூங்கிவிட்டான்.

இந்த முறை கடுமை. ஒரு தேக்கரண்டி ஜீவனி, ஐந்து நிமிஷம், இன்னொரு தேக்கரண்டி என்று பொறுமையாகக் கொடுத்தும் எல்லாம் திரும்பி வந்தது. ஏழு மணிக்கு அழுதான், கண்ணீர் வரவில்லை. உதட்டைத் தொட்டுப் பார்த்தேன், காய்ந்து பிசுபிசுவென்று இருந்தது. ராத்திரி படுத்ததிலிருந்து ஒன்றுக்கும் போகவில்லை. அதற்கு மேல் வீட்டில் வைத்திருக்கக் கூடாது என்று ஓட்டோ பிடித்துப் போனோம், சேலைன் ஏற்றினார்கள். விரலில் குத்தி சீனி பார்த்தபோது குறைவாக இருந்தது. அதையும் எழுதிவிட்டேன்.

ஜூலை 10

பேராதனை. ஹட்டனிலிருந்து கினிகத்தேனை, நாவலப்பிட்டி, கம்பளை என்று வளைவு வளைவாக இறங்குகிற பஸ்ஸில் ஒரு தரம்கூட வாந்தி எடுக்கவில்லை, ஜன்னலில் தொற்றிக்கொண்டு வந்தான்.

பக்கத்து லயத்துத் தம்பி கொப்பியில் உள்ளதைச் சிங்களத்தில் ஒரே தாளில் எழுதித் தந்திருந்தார். டொக்டர் அதை மேசையில் விரித்து வைத்துப் பேனாவால் திகதிகளைச் சுற்றி வட்டம் போட்டார். பச்சையாக வாந்தி வந்ததா, இரத்தம் வந்ததா, விழுந்து தலையில் அடிபட்டானா, தினமும் காலையில் வாந்தி வருகிறதா, நடக்கும்போது தள்ளாடுகிறானா என்று கேட்டார். நடக்கவிட்டுப் பார்த்தார், கண்ணுக்குள் வெளிச்சம் அடித்துப் பார்த்தார். கடும்பச்சையாக வந்தால் குடல் முறுக்கியோ அடைத்தோ இருக்கலாம், அப்போது விடியட்டும் என்று காத்திருக்கக் கூடாது, உடனே ஆஸ்பத்திரி என்றார். இதை வாசிக்கிறவர்களும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள். சிறுநீர், இரத்தம், வயிற்று ஸ்கேன், மருந்து குடிக்க வைத்துக் குடலைப் பார்க்கிற எக்ஸ்ரே, எல்லாவற்றுக்கும் எழுதியிருக்கிறார்.

கடைசியாக, "தாய்க்கு ஒற்றைத் தலைவலி இருக்கா?" என்றார். வாந்திக்கும் அதற்கும் என்ன சம்பந்தம் என்று எனக்கு விளங்கவில்லை.

ஜூலை 11

அக்கா குவைத்தில் வேலை முடிந்து நடுச்சாமத்தில்தான் கோல் எடுப்பாள். கேட்டேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "இருக்குடி. மாசத்துல ஒருநாள் கண்ணைத் தொறக்க முடியாது, பாத்ரூம்ல நின்னு வாந்தி எடுப்பேன், மேடத்துக்கிட்ட சொல்லுறதில்ல" என்றாள். பக்கத்தில் இருந்த அம்மா போனை வாங்கி, "நீ சின்னதுல பள்ளிக்கூடத்துப் பரிசளிப்புக்கு முதல்நாளெல்லாம் இப்படித்தானே எடுப்பே" என்றார். மூன்று பேரும் அழுதோம். அவள் உடனே வருகிறேன் என்றாள், ஒப்பந்தம் முடியட்டும், நான் பார்த்துக்கொள்கிறேன் என்றேன்.

ஜூலை 31

எல்லா ரிப்போர்ட்டும் சுத்தம். சைக்ளிக் வொமிட்டிங் என்கிறார் டொக்டர். முறை வைத்து வருகிற வாந்தி, நடுவில் பிள்ளை முழுச் சுகமாக இருப்பான், ஒற்றைத் தலைவலியோடு உறவுள்ள வியாதி. இதுதான் என்று காட்டித்தர ஒரு பரிசோதனையும் கிடையாதாம். மற்றதெல்லாம் இல்லை என்று பார்த்துவிட்டு, வருகிற ஒழுங்கை வைத்துத்தான் சொல்வார்களாம். நிறையப் பிள்ளைகளுக்கு வளர வளர நின்றுவிடும், சிலருக்குப் பிறகு தலைவலியாக மாறும்.

1882ஆம் ஆண்டிலேயே சாமுவேல் ஜீ என்ற லண்டன் டொக்டர் இதைப் பிள்ளைகளிடம் கண்டு எழுதியிருக்கிறார். இந்த மலையில் கோப்பிச் செடிகள் நோய் பிடித்து அழிந்து எங்கள் ஆட்கள் தேயிலை நட்டுக்கொண்டிருந்த காலம் அது. அத்தனை பழைய வியாதி. அப்போதெல்லாம் லயங்களில் எத்தனை பிள்ளைகள் இப்படிச் சுருண்டு கிடந்திருக்கும், யார் எழுதி வைத்தார்கள்?

ஆகஸ்ட் 19

இரவில் ஒரு சிரப் தந்திருக்கிறார்கள். பசி கூடுகிறது, தூக்கமும் கூடுகிறது, இரண்டும் எதிர்பார்த்ததுதானாம். வெறும் வயிற்றில் தூங்கவிடுவதில்லை, களைத்துக் கண் சொக்கினாலும் எழுப்பி இரண்டு வாய் கொடுத்துத்தான் படுக்க வைக்கிறேன்.

நேற்று வந்தது. டொக்டர் தந்த கடிதத்தை நீட்டியதும் இங்கே ஆஸ்பத்திரியில் யாரும் முதலிலிருந்து கதை கேட்கவில்லை. சீனி கலந்த சேலைன், வாந்தி நிற்க ஊசி, வெளிச்சம் படாத மூலைக் கட்டில். ஒன்பது மணிக்கு முன்பே நின்றுவிட்டது. கடிதத்தை லேமினேட் பண்ணி, ஒரு பிரதியைப் பிள்ளைக் காம்பரா மிஸ்ஸிடமும் கொடுத்திருக்கிறேன்.

அடுத்த கிளினிக் செப்டம்பர் 11. கொப்பியில் இன்னும் நான்கு பக்கம்தான் மிச்சம், அதற்கு முன் புதிது வாங்க வேண்டும்.