எண்பது துளைகளும் ஒரு கோப்பிக்கடை நாற்காலியும்

பினாங்கு நகர விளையாட்டரங்கத்தை ஒட்டி நடக்கும் லோரோங் கூலிட் பழம்பொருள் சந்தையில், கடந்த பிப்ரவரி மாதத்து ஞாயிறு ஒன்றின் காலையில், பழைய மின்விசிறிகளுக்கும் துருவேறிய தையல் இயந்திரத் தலைகளுக்கும் நடுவே கவிழ்த்துப் போடப்பட்டிருந்த ஒரு மர நாற்காலியை 60 வெள்ளிக்கு (மலேசிய ரிங்கிட்) வாங்கினேன். ஜார்ஜ் டவுனின் பழைய கோப்பிக்கடைகளில் சலவைக்கல் மேசையைச் சுற்றிப் போட்டிருப்பார்களே, முதுகு வளைந்து, கால்கள் மெலிந்து, ஒரு கையால் தூக்கிவிடக்கூடிய கருநிற நாற்காலி, அந்த வகை. அமரும் வட்டத்தின் மேல் யாரோ ஓர் ஒட்டுப்பலகையை ஆணியடித்திருந்தார்கள். வீட்டுக்கு வந்து அதைக் கழற்றியபோது, வட்டச் சட்டத்தின் உள்விளிம்பைச் சுற்றி வரிசையாக 80 துளைகள் தெரிந்தன. இரண்டு மூன்று துளைகளில் பழைய பிரம்பு நாரின் கரிய முனைகள் இன்னும் சிக்கிக்கொண்டிருந்தன. பின்னலில் அமர்வதற்கென்றே செய்யப்பட்ட நாற்காலி இது என்று தெரிந்ததும், அந்தப் பின்னலை நானே போடுவது என்று முடிவு செய்துவிட்டேன். அதற்கு முன் நான் பின்னியிருந்தவை ஒயர்க் கூடைகள் மட்டுமே.

இந்த நாற்காலியின் மூதாதையை எனக்கு முன்பே தெரியும். பார்க்கப் பார்க்க மகிழ்ச்சி தரும் பொருள்களின் படங்களைச் சேர்த்து வைப்பது என் நெடுநாள் பழக்கம். ஜெர்மனியில் பிறந்து வியன்னாவில் தொழில் நடத்திய மிக்கேல் தோனெத் என்னும் தச்சர், 1859ஆம் ஆண்டில் கொண்டுவந்த 14ஆம் எண் நாற்காலி ஆறு மரத்துண்டுகள், பத்துத் திருகாணிகள், இரண்டு நட்டுகள் ஆகியவற்றால் ஆனது. பீச் மரக் கழியை நீராவியில் இளக்கி, வளைவின் வெளிப்புறத்தில் ஓர் இரும்புப் பட்டையை இறுகப் பிணைத்துக்கொண்டு வளைப்பது அவருடைய முறை. வெறும் கழியை வளைத்தால் வெளிப்பக்க இழைகள் நீண்டு கிழிந்துவிடும். இரும்புப் பட்டை அவற்றை நீளவிடாமல் பிடித்துக்கொள்வதால், உட்பக்க இழைகள் நெருங்கி இடங்கொடுத்து, மரம் முறியாமல் வளைகிறது. கழற்றிய நிலையில் 36 நாற்காலிகள் ஒரு கன மீட்டர் பெட்டிக்குள் அடங்கியதால் அவை கப்பலேறி உலகெங்கும் போயின. 1930ஆம் ஆண்டுக்குள் ஏறத்தாழ 5 கோடி விற்றிருந்தன. நான் வாங்கியதன் அடியில் முத்திரை ஏதும் இல்லை. ஆனால் ஒரே கழியானது தரையில் பின்காலாகத் தொடங்கி, மேலேறி முதுகாக வளைந்து, மறுபக்கத்துப் பின்காலாக மீண்டும் தரைக்கே இறங்கும் அந்தக் கோடு அப்படியே இருக்கிறது. விரலை வைத்து அதைத் தொடர்ந்து சென்றால் எங்கும் ஒரு மூட்டுத் தட்டுப்படாது. அந்தக் கோட்டுக்காகவே 60 வெள்ளி தகும்.

பிரம்பு நம் பக்கத்துக் காடுகளின் பொருள். பனையின் குடும்பத்தைச் சேர்ந்த இந்த முட்கொடியில் தீபகற்ப மலேசியாவில் மட்டும் நூறு வகைகளுக்கு மேல் உண்டு. அவற்றில் ரோத்தான் சேகா என்று மலாய்க்காரர் சொல்லும் வகை நாற்காலிப் பின்னலுக்கு மிகவும் உகந்தது. மூங்கில் உள்ளே குழல், பிரம்போ முழுக்கெட்டி. அதன் மேல்தோலை நீளவாக்கில் சீவியெடுத்ததே பின்னும் நார். தோலில் சிலிக்கா என்னும் மணற்சத்து இருப்பதால், எந்த மெருகும் பூசாமலே அது பளபளக்கிறது. 19ஆம் நூற்றாண்டில் இந்தக் காடுகளின் பிரம்பு சிங்கப்பூர்த் துறைமுகத்தில் சேர்ந்து உலகச் சந்தைக்குப் போயிற்று. இங்கே வெட்டிய கொடி ஐரோப்பாவுக்குப் போய், அங்கே வளைத்த மரத்தோடு கூடி, நாற்காலியாகிக் கடல் கடந்து திரும்பியது என்பதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு அதை ஒருமுறை தொட்டுப் பார்க்கத் தோன்றுகிறது. தமிழில் பிரம்பு என்றதும் நினைவுக்கு வருவது அடிதான். பிட்டுக்கு மண் சுமந்த பெருமானின் முதுகில் பாண்டியன் ஓங்கிய பொற்பிரம்பு முதல், என் பள்ளியில் ஆசிரியரின் மேசைமேல் கிடந்த ரோத்தான் வரை எல்லாம் அந்த வகை. அதே கொடியின் தோல் ஈரத்தோடு விரல்களுக்கிடையில் நாடாவாக வழுக்கிச் செல்வதை உணர எனக்கு நாற்பது வயதுக்கு மேல் ஆகியிருக்கிறது.

முதல் இரண்டு வாரங்கள் மரத்துக்கே போயின. ஆணித் தடங்களை மரத்தூளும் பசையும் குழைத்து அடைத்தேன்; நுண்ணிய உப்புத்தாளால் தேய்த்தேன்; சாராயத்தில் கரைத்த அவலரக்கைத் துணியில் தோய்த்து ஐந்து முறை பூசினேன். துளைகளைக் குத்தூசியால் சுத்தம் செய்ய மட்டும் ஒரு முழு மாலை பிடித்தது. துளையின் விளிம்பு கூராக இருந்தால் நாரை நாளடைவில் அறுத்துவிடும் என்பதால், உப்புத்தாளை ஊசிபோல் சுருட்டி 80 விளிம்புகளையும் மழுக்கினேன்.

மூன்றாம் வாரத்தில் செய்த பிழைதான் இந்த வேலையின் உயிர்நாடியை எனக்குக் கற்றுக்கொடுத்தது. கடையில் இருந்த சுருள்களில் 3 மில்லிமீட்டர் அகல நார் தடிப்பாகவும் உறுதியாகவும் தோன்றியதால் அதையே வாங்கி வந்தேன். ஏழு படிகள் கொண்ட இந்தப் பின்னலின் முதல் நான்கு படிகளும் தடையின்றி நடந்தன. ஐந்தாம் படியில் நாரை மூலைவிட்டமாகச் செலுத்த முயன்றபோது பின்னலின் கண்களில் இடமே இல்லை. இழுத்த இழுப்பில் நார் நடுவே பிளந்தது. நாரின் அகலத்தைத் தீர்மானிப்பது பின்னுகிறவரின் விருப்பம் அல்ல, துளைகளின் இடைவெளி. என் நாற்காலியில் ஒரு துளையின் மையத்திலிருந்து அடுத்ததன் மையத்துக்கு 13 மில்லிமீட்டர். அதற்கு ஏற்றது இரண்டேகால் மில்லிமீட்டர் நார். முக்கால் மில்லிமீட்டர் என்பது சிறு வேறுபாடுதான். ஆனால் ஒவ்வொரு கண்ணைச் சுற்றியும் எட்டு நார்கள் நெருங்கும்போது அந்தச் சிறு வேறுபாடே பின்னலின் மூச்சை அடைத்துவிடுகிறது. போட்டதை எல்லாம் அறுத்து எடுத்தேன். புதிய சுருளை வாங்கி ஊறவைத்துவிட்டு, அன்று இரவு வேறு வேலை குறுக்கிட்டதால் ஈர நாரை ஒரு பிளாஸ்டிக் பையில் கட்டி வைத்தேன். நம் ஊரின் புழுக்கத்தில் மறுநாள் மாலைக்குள் நாரெங்கும் சாம்பல் நிறப் பூஞ்சைப் புள்ளிகள் படிந்துவிட்டன. அதன்பின் அன்றன்றைக்குத் தேவையான ஐந்தாறு இழைகளை மட்டுமே வெதுவெதுப்பான நீரில் இருபது நிமிடம் ஊறவைக்கிறேன்.

பின்னலின் போக்கைச் சொல்ல நெசவாளரின் சொற்களே போதும். முதற்படி பாவு: முன்விளிம்பின் நடுத்துளையிலிருந்து பின்விளிம்பின் நடுத்துளைக்கு ஓர் இழை, பிறகு அதன் இரு பக்கமும் ஒன்றன்பின் ஒன்றாக. சதுரச் சட்டமாக இருந்தால் எல்லாத் துளைகளுக்கும் முறை வரும். வட்டத்திலோ பக்கங்களை நெருங்க நெருங்கத் துளைகள் வளைந்து விலகுவதால், இழைகள் இணையாக இருக்கவேண்டுமென்றால் சில துளைகளைத் தாண்டிச் செல்லத்தான் வேண்டும். எதைத் தாண்டுவது என்பதற்கு அளவுகோலைவிடக் கண்ணே நல்ல துணை. ஒவ்வொரு இழையையும் இழுத்துப் பிடித்துத் துளையில் ஒரு முளையைச் செருகவேண்டும். நான் மரத்தாலான உணவுக்குச்சிகளை நறுக்கிக் கூர்சீவி முளைகளாக்கிக்கொண்டேன். நாரைப் பெருவிரலால் ஒருமுறை நீவிப் பார்ப்பதும் முக்கியம். ஒரு திசையில் கணுக்கள் வழுவழுப்பாகக் கடக்கும், மறுதிசையில் நகத்தில் தட்டும். வழுக்கும் திசையில் இழுத்தால்தான் மற்ற இழைகளில் சிக்காமல் போகும். இரண்டாம் படி ஊடை, அதாவது பக்கத்துக்குப் பக்கம் போகும் இழை; பாவின் மேல் வெறுமனே படுக்கும். மூன்றாம் படியில் முதற்பாவுக்குச் சற்று வலப்பக்கமாக இன்னொரு பாவு, ஊடையின் மேலே. இதுவரை எதுவும் எதோடும் கோக்கவில்லை. நான்காம் படியின் ஊடைதான் முதன்முதலாகப் பின்னுகிறது: முதற்பாவின் அடியில் நுழைந்து மூன்றாம் படிப் பாவின் மேலேறி, ஒவ்வொரு சோடியையும் ஒன்றாகப் பிணைத்துக்கொண்டு போகிறது. அது முடிந்ததும் முழுவதையும் ஈரத்துணியால் நனைத்து, குத்தூசியால் சோடிகளை நெருக்கி, சதுரக் கண்களை ஒழுங்குபடுத்தினேன். அப்போது அது பார்க்க ஒரு சல்லடைபோலத்தான் இருந்தது.

ஆறாம் வாரத்தின் சனிக்கிழமை மாலையை நான் மறக்கமாட்டேன். ஐந்தாம் படியில் நார் மூலைவிட்டமாகச் செல்கிறது. பாவுச் சோடிகளின் அடியிலும் ஊடைச் சோடிகளின் மேலுமாக. சரியான முறையில் நுழைந்த நார், சதுரத்தின் மூலையில் தனக்கென ஒதுக்கிவைத்த இடம்போல் வழுக்கிப் போய் அமர்கிறது. முறை மாறினால் மற்ற நார்களோடு உரசிக் கரகரக்கிறது. ஆறாம் படியில் எதிர்த்திசை மூலைவிட்டம், பாவின் மேலும் ஊடையின் அடியிலும். அதன் முதல் சில வரிசைகள் முடிந்தபோது, சதுரக் கண்களின் நான்கு மூலைகளும் மழுங்கி, ஒவ்வொன்றும் எட்டுப்பக்கக் கண்ணாக என் கண்ணெதிரே மாறிக்கொண்டு வந்தது. அந்த எட்டுப்பக்க வடிவத்தை நான் எங்கும் வரையவில்லை, அளக்கவில்லை. நான்கு திசைகளில் சென்ற நேர்க்கோடுகள் ஒன்றையொன்று தாங்கிக்கொண்ட இடத்தில் அது தானாக நின்றது. அலங்காரத்துக்கென்று ஓர் இழைகூட அங்கே இல்லை. ஒவ்வொன்றும் எடை தாங்குகிறது, எல்லாம் சேர்ந்து அழகாக இருக்கின்றன. விளக்கைப் போட்டுக்கொண்டு இரவு பதினொன்றரை வரை எழுந்திருக்காமல் பின்னினேன்.

மறுநாள் காலையில் அப்பா வந்து அருகில் அமர்ந்தார். துறைமுகத்தில் வேலை பார்த்து ஓய்வுபெற்ற அவருக்கு இரு கண்களிலும் புரை. நான் காட்டிய வடிவம் அவருக்குத் தெளிவாகத் தெரியவில்லை. உள்ளங்கையைப் பின்னலின் மேல் வைத்து மெல்ல நகர்த்திக்கொண்டே வந்தவர், இடப்பக்க விளிம்பருகில் நிறுத்தி, "இங்க ஒண்ணு மாறிப் போயிருக்கும்மா" என்றார். குனிந்து பார்த்தேன். மூலைவிட்ட நார் ஒன்று அடியில் செல்லவேண்டிய இடத்தில் மேலே ஏறியிருந்தது. அந்த ஒரு வரிசையைத் திருத்த ஏழு வரிசைகளைப் பிரிக்கவேண்டியிருந்தது, பிரித்தேன். வெளிச்சத்தில் என் கண்ணுக்குத் தப்பியது அவர் கைக்குத் தப்பவில்லை. அதற்குப் பிறகு ஒவ்வொரு பத்து வரிசைக்கும் ஒருமுறை நானும் கண்ணை மூடிக்கொண்டு தடவிப் பார்க்கத் தொடங்கினேன். அது உண்மையிலேயே உதவுகிறது.

ஏழாம் படி விளிம்பு நார். மற்றவற்றைவிட அகலமான ஒரு நாரைத் துளைகளின் மேல் வட்டமாகப் படுக்கவைத்து, மெல்லிய நாரால் கீழிருந்து மேலேற்றிக் கட்டிக்கொண்டே போகவேண்டும். வட்டம் தொடங்கிய இடத்திலேயே முடிகிறதால் இரு முனைகளும் ஒன்றன்மேல் ஒன்று ஏறுகின்றன. அந்த இடம் எனக்கு இன்னும் நிறைவு தரவில்லை, சற்றுப் புடைத்துத் தெரிகிறது. மொத்தம் எட்டு வாரங்கள், ஏறத்தாழ 60 மீட்டர் நார். ஈரம் முழுவதும் உலர்ந்த மூன்றாம் நாள் பின்னலை விரலால் தட்டியபோது மிருதங்கத்தின் தொப்பியைத் தட்டியதுபோல் ஓர் ஆழ்ந்த ஓசை எழுந்தது. வார்னிஷ் எதுவும் பூசவில்லை. தோலுக்கு அது தேவையும் இல்லை. அடிப்பக்கத்தை மூடிவிட்டால் நார் ஈரத்தை வாங்கிக்கொள்ளவும் முடியாது.

இப்போது ஒரு மாதமாக அந்த நாற்காலி ஜெலுத்தோங்கில் உள்ள எங்கள் அடுக்குமாடி வீட்டின் சன்னலோரத்தில் இருக்கிறது. காலையில் வேலைக்குக் கிளம்பும் முன் கால் மணி நேரம் அதில் அமர்ந்து, பச்சைப்பூப் போட்ட கனத்த பீங்கான் கோப்பையில் கோப்பி குடிக்கிறேன். பிளாஸ்டிக் நாற்காலியில் ஐந்து நிமிடத்தில் துணி உடம்போடு ஒட்டிக்கொள்ளும் இந்த வெக்கையில், பின்னலின் கண்கள் வழியே கீழிருந்து காற்று ஏறுவதை உணர முடிகிறது. அமரும்போது ஒரு விரலளவுக்கும் குறைவாக அது தாழ்ந்து கொடுக்கிறது. எழுந்ததும் மெல்ல முனகிக்கொண்டு பழைய நிலைக்குத் திரும்புகிறது. புதிதாக இருந்தபோது வெளிர் மஞ்சளாக இருந்த நார், சன்னல் பக்கம் மட்டும் தேன் நிறத்துக்கு மாறத் தொடங்கியிருப்பதால், வாரத்துக்கு ஒருமுறை நாற்காலியைத் திருப்பிப் போடுகிறேன். மாதம் ஒருமுறை அடிப்பக்கத்தை ஈரத்துணியால் துடைத்து இரவு முழுவதும் உலரவிட்டால், தளர்ந்த நார் மீண்டும் இறுகுகிறது. முதன்முறையாகச் சென்ற ஞாயிறு அதைச் செய்தேன், மறுநாள் தட்டியபோது அந்த ஓசை திரும்ப வந்திருந்தது.

அப்பா தம் பழைய சாய்வு நாற்காலியைப் பற்றிப் பேச்செடுத்திருக்கிறார். முதுகுப் பக்கம் கிழிந்து, பல ஆண்டுகளாகச் சாமான் அறையில் கிடக்கிறது. நேற்று அதை வெளியே இழுத்துத் தூசி தட்டி அளந்தேன்: துளைக்குத் துளை 16 மில்லிமீட்டர். இரண்டரை மில்லிமீட்டர் நார் வேண்டும். இந்த முறை சுருளை வாங்குவதற்கு முன்பே அளந்துவிட்டேன்.