வலித்தது கால், கோளாறு இடுப்பில்

எக்ஸ்ரேயைத் தூக்கிப் பார்த்துவிட்டு, "எலும்பெல்லாம் நல்லா இருக்கு, ஒண்ணுமில்லை" என்றார் முதலில் பார்த்த மருத்துவர். உட்கார முடியாததால் நின்றபடியேதான் கேட்டுக்கொண்டேன். உட்கார்ந்தால் வலது பிட்டத்தில் தொடங்கி, தொடையின் பின்பக்கமாக இறங்கி, கெண்டைக்காலின் வெளிப்பக்கம் வழியாகக் கால் கட்டைவிரல் வரை விர்ரென்று சுண்டி இழுக்கும். தும்மல் வந்தால் சுவரைப் பிடித்துக்கொள்வேன். வலி மாத்திரை, இடுப்பு பெல்ட், இரண்டு வாரம் முழு ஓய்வு என்று எழுதிக் கொடுத்து அனுப்பிவிட்டார்.

அவர் என் காலைத் தொட்டே பார்க்கவில்லை. அந்த ஆற்றாமை இன்னும் போகவில்லை. என் பக்கமும் தவறு உண்டு. "இடுப்பு வலி" என்று மட்டும்தான் சொன்னேன். காலில் இழுத்ததைத் தசைப்பிடிப்பு என்று நினைத்துத் தனியாகக் களிம்பு தடவிக்கொண்டிருந்தேன். இரண்டும் ஒன்றுதான் என்று எனக்குத் தோன்றவேயில்லை.

இரண்டு வாரம் படுத்தே கிடந்ததில் வலி குறையவில்லை. எழுந்து நிற்கிற தெம்புதான் குறைந்தது. அந்த நாட்களை நினைத்தால் இப்போதும் வயிறு எரிகிறது. இந்த வலிக்கு நாள்கணக்கில் படுத்திருப்பதால் பலனில்லை, தாங்குகிற அளவுக்கு நடமாடுவதே நல்லது என்று பிறகுதான் தெரிந்தது.

அடுத்துப் போனது ஒரு நரம்பியல் மருத்துவரிடம். "வலி எங்க ஆரம்பிச்சு எங்க முடியுதுன்னு விரலால கோடு போட்டுக் காட்டுங்க" என்பதுதான் அவருடைய முதல் கேள்வி. பிறகு மல்லாக்கப் படுக்கவைத்து, முழங்கால் மடங்காமல் வலது காலைத் தூக்கினார். பாதித் தூரம்கூடப் போகவில்லை, கத்திவிட்டேன். இடது கால் தாராளமாக மேலே போனது. குதிகாலில் நடக்கச் சொன்னார், நுனிக்காலில் நடக்கச் சொன்னார், முழங்காலிலும் கணுக்காலிலும் சுத்தியலால் தட்டினார். கடைசியில் கட்டைவிரலை மேல்நோக்கி நிமிர்த்தச் சொல்லி, தன் விரலால் அழுத்தினார். வலது விரல் எதிர்த்து நிற்காமல் சாய்ந்துவிட்டது. அதைப் பார்த்ததும்தான் எனக்கு உண்மையிலேயே பயம் வந்தது.

"எல்5 நரம்பு வேர்" என்றார். தண்டுவடத்திலிருந்து கிளம்பும் நரம்பின் தொடக்கம்தான் வேர்; எல், எஸ் என்பவை இடுப்பிலும் அதற்குக் கீழேயும் உள்ள வேர்களின் வரிசைப் பெயர்கள். கீழ் முதுகில் எல்4 தொடங்கி எஸ்3 வரையுள்ள வேர்கள் சேர்ந்துதான் சயாட்டிக் நரம்பாகிக் காலில் இறங்குகின்றன. முள்ளெலும்புகளுக்கு நடுவே இருக்கும் டிஸ்க்கின் வெளி வளையம் கிழிந்து, உள்ளிருக்கும் கூழ் பிதுங்கி வேரை அழுத்தினால், அங்கே வீக்கமும் சேர்ந்துகொள்ளும். அந்த நரம்பு போய்ச் சேரும் இடத்தில்தான் வலி தெரியும். சுண்டுவிரல் பக்கமும் உள்ளங்காலும் இழுத்திருந்தால் எஸ்1 வேரைச் சந்தேகித்திருப்பாராம். எக்ஸ்ரேயில் டிஸ்க்கும் தெரியாது, நரம்பும் தெரியாது.

விரலில் பலம் குறைந்திருந்ததால் எம்ஆர்ஐ எடுக்கச் சொன்னார். அறிக்கையை வீட்டில் தனியாகப் படித்தது நான் செய்த அடுத்த தவறு. மூன்று டிஸ்க்குகளில் தேய்மானம், பிதுக்கம் என்றிருந்தது. இனி ஆபரேஷன்தான் என்று முடிவுகட்டி அன்று இரவு தூங்கவில்லை. மறுநாள் அவர், வலியே இல்லாதவர்களுக்கு எடுத்தாலும் இப்படிப் பிதுக்கங்கள் தெரிவது சகஜம் என்றார். காலில் கண்ட அறிகுறியோடு ஒத்துப்போனது எல்4-எல்5 டிஸ்க் ஒன்றுதான். பிதுங்கிய கூழைப் பல சமயம் உடம்பே மெல்லக் கரைத்துக்கொள்ளும். பலவீனம் கூடாதவரை பொறுத்துப் பார்க்கலாம் என்றார்.

அதன்பிறகு பிசியோதெரபி, குட்டிக் குட்டி நடைகள். அரைமணிக்கு மேல் உட்காருவதில்லை. ஒருக்களித்துப் படுக்கும்போது முழங்கால்களுக்கு நடுவே ஒரு தலையணை. வீடியோ பார்த்துக் குனிந்து பாதத்தைத் தொடும் பயிற்சியை நானாகச் செய்ததில் நான்கு நாள் முன்னேற்றம் போயிற்று; அதை மட்டும் செய்யாதீர்கள். ஆறாவது வாரம் கால்வலி முழங்காலுக்கு மேல் ஏறி, இடுப்பு கூடுதலாக வலித்தது. பதறிப்போய்ச் சொன்னேன். பிசியோதெரபிஸ்ட் முகம் மலர்ந்தார். பாதத்திலிருந்து வலி மேலே சுருங்குவது நரம்பு தேறுவதன் அடையாளமாம்.

முதல் மருத்துவர் என்னிடம் கேட்காத கேள்விகளை நான் உங்களிடம் கேட்கிறேன். சேணத்தில் உட்கார்ந்தால் படும் இடங்கள், அதாவது பிறப்புறுப்பைச் சுற்றியும் ஆசனவாயிலும், மரத்துப்போகிறதா? சிறுநீர் இறங்காமல் நிற்கிறதா, மலமோ சிறுநீரோ தெரியாமல் போகிறதா? இரண்டு கால்களும் பலமிழக்கின்றனவா? நடக்கையில் பாதம் தொங்கித் தரையில் இழுபடுகிறதா? இதில் ஒன்று இருந்தாலும் விடியட்டும் என்று காத்திருக்காமல் அவசர சிகிச்சைக்குப் போய்விடுங்கள். தாமதித்தால் அந்த நரம்புகள் திரும்பாமலே போகலாம்.

பதினோராவது வாரம் உட்கார்ந்தபடி சாக்ஸ் மாட்டினேன். புறங்காலில் ஒரு சிறு வட்டம் இன்னும் மரத்துத்தான் இருக்கிறது. போன வாரம் மருத்துவர் மறுபடி கட்டைவிரலை அழுத்திப் பார்த்தார். சாயவில்லை. இன்னும் பலமாக அழுத்தினார். அப்போதும் அது நிமிர்ந்தே நின்றது.