தலையை திருப்புனா படமும் கூடவே வரணும்

போன வாரம் அக்காவுக்கு என் குவெஸ்ட் 2 (கண்ணுல மாட்டுற விஆர் ஹெட்செட்) மாட்டிவிட்டேன், யூனிட்டிங்குற கேம் செய்யுற சாஃப்ட்வேர்ல நான் பண்ணிட்டு இருக்குற ஒரு வீட்டு டெமோ. ரெண்டு நிமிஷம்கூட ஆகல, "கழட்டுடா, குமட்டுது"ன்னு சேர் கைப்பிடிய இறுக்கிப் புடிச்சுக்கிட்டா, நெத்தியெல்லாம் வேர்த்துப்போச்சு. அவளுக்கு மலைப்பாதை பஸ்ஸே ஒத்துக்காது, அதனால அவ உடம்பு வாகே அப்படின்னு வீட்ல எல்லாரும் சொல்லிட்டாங்க. எனக்கு மனசு கேக்கல, அன்னிக்கு ராத்திரியே உக்காந்து ஃப்ரேம் டைம், அதாவது ஒவ்வொரு படத்தையும் வரைய எவ்ளோ நேரம் ஆகுதுன்னு பாத்தேன்.

நாம தலையை திருப்புனா காதுக்குள்ள இருக்குற பேலன்ஸ் உறுப்பு உடனே மூளைக்கு சொல்லிடும், சுமார் 10 மில்லிசெகண்ட்ல கண்ணு எதிர்ப்பக்கம் திரும்பி பார்வைய நிலையா வச்சுக்கும். படம் அதுக்கப்புறம் மெதுவா வந்து சேந்தா சுவரே லேசா நீந்துற மாதிரி இருக்கும். காது ஒண்ணு சொல்லுது கண்ணு ஒண்ணு சொல்லுது, கஷ்டம் வயித்துக்கு. தலை அசைஞ்சதுல இருந்து அந்த வெளிச்சம் கண்ணுக்கு வர்ற வரைக்கும் மொத்தமே 20 மில்லிசெகண்டுக்குள்ள இருக்கணும்னு டூம் கேம் புரோகிராமர் ஜான் கார்மாக் 2013லயே எழுதிட்டாரு. அந்த வருஷம் வந்த ஆக்குலஸ் டிகே1 ஹெட்செட் 60 ஹெர்ட்ஸ்தான், அதாவது செகண்டுக்கு 60 படம், ஒரு ஃப்ரேமுக்கே 16.7 மில்லிசெகண்ட் போயிடும், மிச்சம் என்ன இருக்கு சொல்லுங்க?

என் டெமோ 72 ஹெர்ட்ஸ், அதாவது ஒரு ஃப்ரேமுக்கு 13.9 மில்லிசெகண்ட். ஹால்ல ஓகே, ஆனா டைனிங் டேபிள் பக்கம் திரும்புனா 17 ஆகுது, ஒவ்வொரு ஃப்ரேமுக்கும் புதுசா கணக்குப் போடுற ஜன்னல் கம்பி நிழலும் அங்க மாட்டியிருந்த முகம் பாக்குற கண்ணாடியும்தான் காரணம். ஃப்ரேம் லேட்டானா ஹெட்செட்ல இருக்குற டைம்வார்ப்ங்குற வசதி பாத்துக்குமேன்னு நெனச்சிருந்தேன். அது திரைக்கு அனுப்புற கடைசி நேரத்துல தலை எங்க இருக்குன்னு மறுபடி பாத்து, ஏற்கனவே வரைஞ்ச படத்த நகர்த்திக் குடுக்கும். தலை திரும்புறதுக்கு அது அருமையா ஈடு குடுக்கும். ஆனா அக்கா என்ன பண்ணா, டேபிள் மேல இருந்த டம்ளர கிட்ட பாக்க குனிஞ்சா, அப்ப கிட்ட இருக்குற பொருள் நெறையவும் தூரத்துல இருக்குறது கம்மியாவும் நகரணும், தட்டையான படத்துக்கு அது எப்படி தெரியும்? நானும் அதே மாதிரி குனிஞ்சு பாத்தேன், டேபிள் விளிம்பு ரெண்டு ரெண்டா நடுங்குது. அவளுக்கு குமட்டுனது இதனாலதான்.

நிழல எல்லாம் முன்னாடியே கணக்குப் போட்டு படத்தோட பதிச்சு வச்சுட்டேன் (இதைத்தான் 'பேக்' பண்றதும்பாங்க), கண்ணாடிய எடுத்துட்டேன், இப்ப எங்க திரும்புனாலும் 12 தாண்டல. சராசரி பாத்து ஏமாறாதீங்க, மோசமான ஃப்ரேம் எதுன்னு தேடுங்க. இன்னொண்ணு, ஜாய்ஸ்டிக்ல வழுக்கிட்டு நடக்குறது லேக் இல்லாட்டியும் கொமட்டும், உடம்பு உக்காந்திருக்கு கண்ணு மட்டும் நடக்குதுல்ல, அதனால காட்டுன இடத்துக்கு சட்டுனு தாவுற டெலிபோர்ட்டும், ஒரே வெட்டா 45 டிகிரி திரும்புற ஸ்னாப் டர்னும் வச்சுட்டேன்.

ஞாயித்துக்கிழம அக்கா கால் மணி நேரம் பாத்தா, அந்த டம்ளர் கிட்டயும் குனிஞ்சா. கண்ணாடி எங்கடா, திரும்ப வைன்னு கேக்குறா. கண்ணாடின்னா ரூம மறுபடி ஒருதரம் வரையணும், அதை 13.9க்குள்ள எப்படி அடக்குறதுன்னுதான் இப்ப பாத்துட்டு இருக்கேன்.